வேகத்தைக் குறைத்து வென்ற சிப்

2022 ஏப்ரல் 20ஆம் தேதி ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் 7 5800எக்ஸ்3டி என்ற பிராசஸர் விற்பனைக்கு வந்தது. அதே நிறுவனம் 2020 நவம்பரில் வெளியிட்ட 5800எக்ஸ் சிப்பையும் இதையும் அருகருகே வைத்து விவரக் குறிப்பைப் படித்தால், புதியது எந்த விதத்தில் மேல் என்று சட்டென்று பிடிபடாது. இரண்டிலும் எட்டு கோர்கள். இரண்டும் ஸென் 3 வடிவமைப்பு. பழையது உச்சத்தில் 4.7 ஜிகாஹெர்ட்ஸ் வரை ஓடும்; புதியதற்கு 4.5தான் எல்லை. ஓவர்கிளாக் செய்து வேகத்தைக் கூட்டிக்கொள்ளலாம் என்றால் அந்த வழியையும் நிறுவனமே அடைத்திருந்தது. வீடியோவைச் சுருக்குவது, முப்பரிமாணக் காட்சியை ரெண்டர் செய்வது போன்ற வேலைகளில் புதியது பழையதைவிடச் சற்றுப் பின்தங்கியது.

கேம் என்று வந்தபோது நிலைமை தலைகீழ். சராசரியாகப் பத்துப் பதினைந்து சதவீதம், சில கேம்களில் அதைவிட வெகு அதிகமாக, புதிய சிப் முந்தியது. வேகம் குறைந்த பிராசஸரால் விளையாட்டு எப்படி வேகமாகிறது? இதோடு இன்னொரு ஆச்சரியமும் சேர்ந்து வந்தது. அதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன், 2017ல் வாங்கிய மதர்போர்டிலேயே இந்தச் சிப்பைப் பொருத்த முடிந்தது. டெஸ்க்டாப்பில் பிராசஸரை மாற்றலாமா என்று யோசிக்கிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவற்றில் பெரும்பகுதி இந்த ஒரு சிப்பின் கதைக்குள்ளேயே இருக்கிறது.

கேம் ஓடும்போது நாம் பார்ப்பது நொடிக்கு அறுபது, நூறு என்று மாறிக்கொண்டிருக்கும் படங்கள். ஒவ்வொரு படமும் ஒரு ஃபிரேம். நொடிக்கு 60 ஃபிரேம் வேண்டுமென்றால் ஒன்றைத் தயாரிக்க 16.7 மில்லி நொடி கிடைக்கும். 144 வேண்டுமென்றால் 6.9 மில்லி நொடிதான். அதற்குள் இரண்டு சிப்கள் தங்கள் வேலையை முடித்தாக வேண்டும். முதலில் பிராசஸர். மவுஸ் எந்தப் பக்கம் நகர்ந்தது, எறிந்த குண்டு எங்கே விழும், எதிராளி எந்த வழியாக வருவான், சுவருக்குப் பின்னால் நிற்கும் வண்டி கண்ணில் படுமா படாதா என்று அந்த உலகத்தின் நிலவரம் முழுவதையும் அது கணக்கிடும். பிறகு எதை எங்கே வரைய வேண்டும் என்ற உத்தரவுகளை அடுக்கி கிராபிக்ஸ் கார்டிடம் கொடுக்கும். கார்டு வரையும். அது வரைந்துகொண்டிருக்கும்போதே பிராசஸர் அடுத்த ஃபிரேமின் கணக்கில் இறங்கிவிடும்.

எனவே ஃபிரேம் எண்ணிக்கையை நிர்ணயிப்பது இந்த இரண்டில் எது தாமதமோ அது. மற்றது சும்மா காத்திருக்கும். உங்கள் கணினியில் எது எதற்காகக் காத்திருக்கிறது என்று தெரியாமல் பணம் செலவழிப்பது வீண். தெரிந்துகொள்ளும் வழி மிக எளியது. 1920க்கு 1080 திரையில் ஏறத்தாழ 20.7 லட்சம் புள்ளிகள் இருக்கின்றன. 4கே திரையில் 82.9 லட்சம், அதாவது சரியாக நான்கு மடங்கு. கார்டுக்கு அது நான்கு மடங்குக்கு நெருங்கிய வேலை. பிராசஸருக்கோ பெரிய வித்தியாசம் இல்லை. எதிராளி எந்த வழியாக வருவான் என்ற கணக்குக்கும் திரையின் அளவுக்கும் தொடர்பு கிடையாது. ஆகவே கேமின் செட்டிங்கில் ரெசல்யூஷனை 720பி அளவுக்கு இறக்கிப் பாருங்கள். ஃபிரேம் எண்ணிக்கை துள்ளி ஏறினால் இதுவரை தாமதப்படுத்தியது கார்டு. பிராசஸரை மாற்றிப் பயனில்லை. எண்ணிக்கை இருந்த இடத்திலேயே நின்றால் பிராசஸர்தான் காரணம். சிப் வாங்க சென்னையின் ரிச்சி தெருவுக்குக் கிளம்பும் முன் எல்லோரும் இந்தச் சோதனையைச் செய்துவிட வேண்டும் என்று அழுத்திச் சொல்வேன். காசு செலவில்லை, ஐந்து நிமிடம் போதும்.

டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பிராசஸர் பயன்பாடு 30 சதவீதம்தான் காட்டுகிறது, அதனால் குறை அதில் இல்லை என்று முடிவு கட்டுகிறவர்கள் நிறைய. அந்த எண் ஏமாற்றும். எட்டு கோர்களிலும் சேர்த்து எடுத்த சராசரி அது. ஒரே ஒரு கோர் முழு மூச்சாகத் திணறிக்கொண்டிருக்க, மற்றவை பாதி தூக்கத்தில் இருந்தாலும் 30 சதவீதம் என்றே காட்டும். கேம்களில் பெரும்பாலும் நடப்பது இதுதான். கதவு திறந்ததா என்பது முடிவானால்தான் எதிராளி உள்ளே வருவானா என்பதைக் கணக்கிடலாம். அவன் எங்கே நிற்கிறான் என்று தெரிந்தால்தான் அவனை வரையச் சொல்லலாம். ஒன்றன் பின் ஒன்றாகத்தான் போக முடியும். பத்துப் பேருக்குப் பிரித்துக் கொடுக்க முடியாத வேலை இது.

ஜீன் அம்டால் 1967லேயே இதற்குக் கணக்கு சொல்லிவிட்டார். ஒரு வேலையில் 40 சதவீதம் வரிசையாகத்தான் செய்யப்பட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மீதி 60 சதவீதத்தை ஆயிரம் கோர்களுக்குப் பிரித்துக் கொடுத்து நொடியில் முடித்தாலும் அந்த 40 அப்படியே நிற்கும். மொத்த வேகம் இரண்டரை மடங்கைத் தாண்டாது. ஆறு அல்லது எட்டு கோர்களுக்கு மேல் பணம் போடுவது கேமுக்காக மட்டும் கணினி வைத்திருப்பவருக்குப் பெரும்பாலும் தேவையில்லை என்பதன் காரணம் இதுவே.

கோரைக் கூட்ட முடியாவிட்டால் வேகத்தைக் கூட்டலாமே? ஒரு காலத்தில் அது தானாகவே நடந்தது. 1993ல் வந்த முதல் பென்டியம் 60 மெகாஹெர்ட்ஸில் ஓடியது. 2004ல் பென்டியம் 4 எட்டிய வேகம் 3.8 ஜிகாஹெர்ட்ஸ். பதினோரு ஆண்டுகளில் அறுபது மடங்கைத் தாண்டிய பாய்ச்சல் அது. டிரான்சிஸ்டரைச் சிறிதாக்கினால் அதற்குத் தேவைப்படும் மின்னழுத்தத்தையும் அதே விகிதத்தில் குறைக்கலாம், ஆகவே சிப் சூடாகாமலே வேகத்தைக் கூட்டலாம் என்று ஐபிஎம் பொறியாளர் ராபர்ட் டென்னார்டும் சகாக்களும் 1974ல் காட்டியிருந்தார்கள். அந்த விதியின் தோளில்தான் இந்தப் பாய்ச்சல் நடந்தது. ஒரு கட்டத்துக்கு மேல் மின்னழுத்தத்தைக் குறைத்தால் டிரான்சிஸ்டர் மூடியிருக்கும்போதே மின்சாரம் கசியத் தொடங்கியது. விதி நின்றுபோனது. 4 ஜிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 சிப்பை வெளியிடும் திட்டத்தை 2004 அக்டோபரில் இன்டெல் கைவிட்டது. அதன்பின் இன்டெல்லின் சிப் ஒன்று 6 ஜிகாஹெர்ட்ஸைத் தொட 2023 ஜனவரி வரை ஆனது. பதினெட்டு ஆண்டுகளில் இரண்டு மடங்குகூட இல்லை.

கோரும் உதவாது, வேகமும் ஏறாது என்றால் மிச்சம் என்ன இருக்கிறது? பிராசஸர் வீணாக்கும் நேரம். அதுதான் ஏராளமாக இருக்கிறது.

4.5 ஜிகாஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு 450 கோடித் துடிப்புகள். ஒரு துடிப்பு 0.22 நானோ நொடி. அந்த நேரத்தில் வெற்றிடத்தில் பாயும் ஒளியே ஆறேழு சென்டிமீட்டர்தான் போகும். செம்புத் தடத்தில் போகும் சைகை அதைவிட மெதுவாகப் போகும். ரேமோ, பிராசஸரிலிருந்து சில விரற்கடை தள்ளி மதர்போர்டில் தனியாக நிற்கிறது. தேவையான தரவு ரேமில் இருந்தால், கேட்டு வாங்க 70 முதல் 80 நானோ நொடி ஆகும். சொல்லும்போது ஒன்றுமில்லாத நேரமாகத் தெரிகிறது. பிராசஸரின் ஒரு துடிப்பை ஒரு நொடி என்று நீட்டிப் பார்த்தால் அதன் நிலைமை புரியும். கேஷ் என்பது பிராசஸருக்குள்ளேயே இருக்கும் சிறிய, வேகமான நினைவகம். கோரின் மடியிலேயே இருக்கும் முதல் நிலைக் கேஷிலிருந்து தரவு வர நான்கு நொடி. இரண்டாம் நிலைக் கேஷிலிருந்து 12 நொடி. எல்லாக் கோர்களும் பங்கிட்டுக்கொள்ளும் மூன்றாம் நிலைக் கேஷிலிருந்து முக்கால் நிமிடத்துக்குச் சற்று மேல். ரேமிலிருந்து என்றால் ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகும். எஸ்எஸ்டி வரை போக வேண்டியிருந்தால் மூன்று நான்கு நாள். பழைய ஹார்டு டிஸ்க் என்றால் ஒரு வருடத்துக்கும் மேல்.

அந்த ஐந்து நிமிடமும் பிராசஸர் கையைக் கட்டிக்கொண்டு இருப்பதில்லை. வரிசையில் பின்னால் நிற்கும் கட்டளைகளில், இந்தத் தரவைச் சாராதவை எவை என்று தேடி எடுத்து முன்கூட்டியே செய்துவிடும். ஸென் 3 கோர் ஒன்று இப்படி 256 கட்டளைகள் வரை கையில் வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிச் செய்யும். ஆனால் ஒரு துடிப்புக்குப் பல கட்டளைகளை விழுங்கக்கூடிய இயந்திரத்துக்கு 256 எம்மாத்திரம்? ஒரு நிமிடக் கணக்கில் தீர்ந்துவிடும். மீதி நான்கு நிமிடமும் காத்திருப்புதான்.

ரேம் ஏன் இவ்வளவு மெதுவாக இருக்கிறது என்பதற்கும் விடை டென்னார்டிடமே இருக்கிறது. இன்று எல்லாக் கணினியிலும் இருக்கும் டிராம் நினைவகம் அவர் கண்டுபிடித்தது. காப்புரிமை கிடைத்த ஆண்டு 1968. ஒரு பிட்டைச் சேமிக்க ஒரு டிரான்சிஸ்டரும் ஒரு நுண்ணிய மின்தேக்கியும் போதும். அதனால்தான் ஜிகாபைட் கணக்கில் மலிவாகச் செய்ய முடிகிறது. ஆனால் மின்தேக்கியில் இருக்கும் மின்னூட்டம் மிக மிகச் சிறிது. அதை நீண்ட கம்பி வழியாக வரவழைத்து, பெருக்கி, பூஜ்யமா ஒன்றா என்று தீர்மானிக்க வேண்டும். படித்த மாத்திரத்தில் அது அழிந்துபோகும் என்பதால் திரும்ப எழுத வேண்டும். படிக்காவிட்டாலும் கசிந்துவிடும் என்பதால் ஒவ்வொரு 64 மில்லி நொடிக்குள்ளும் எல்லாவற்றையும் ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்.

இந்தத் தாமதம் ஆண்டுகள் கடந்தும் குறையவில்லை என்பது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது. இருபது ஆண்டுகளுக்கு முந்தைய டிடிஆர்-400 ரேமில் உயர்தரமானவை சிஎல் 2 என்ற அளவில் இயங்கின. மொத்தத் தாமதத்தில் ஒரு பகுதி இது: 200 மெகாஹெர்ட்ஸில் இரண்டு துடிப்பு, அதாவது 10 நானோ நொடி. இன்று கேம் ஆடுகிறவர்கள் விரும்பி வாங்கும் டிடிஆர்5-6000 சிஎல் 30 ரேமைக் கணக்கிடுங்கள்: 3000 மெகாஹெர்ட்ஸில் முப்பது துடிப்பு. அதே 10 நானோ நொடி. நொடிக்கு அனுப்பும் தரவின் அளவு பதினைந்து மடங்கு பெருகியிருக்கிறது. முதல் துளி வந்து சேர ஆகும் நேரம் அசையவில்லை. இப்படி ஒரு சுவர் குறுக்கே எழுந்துகொண்டிருக்கிறது என்று வில்லியம் வுல்ஃபும் சாலி மெக்கீயும் 1995லேயே ஒரு சிறு கட்டுரையில் எச்சரித்திருந்தார்கள்.

தப்பிக்கும் வழியும் பழையதுதான். மெதுவான பெரிய நினைவகத்துக்கும் பிராசஸருக்கும் நடுவே வேகமான சிறிய நினைவகம் ஒன்றை வைத்து, அடிக்கடி தேவைப்படுவதை அதில் நகலெடுத்து வைத்துக்கொள்ளலாம் என்று கேம்பிரிட்ஜின் மாரிஸ் வில்க்ஸ் 1965ல் எழுதினார். 1968ல் ஐபிஎம் அறிவித்த சிஸ்டம்/360 மாடல் 85 கணினியில் அது 16 கிலோபைட் கேஷாக உருப்பெற்றது. கேஷ் செய்யப் பயன்படுவது எஸ்ராம். இதில் மின்தேக்கி கிடையாது. ஒரு பிட்டை ஆறு டிரான்சிஸ்டர்கள் சேர்ந்து இறுக்கிப் பிடித்துக்கொள்கின்றன. கசிவு இல்லை, புதுப்பிக்க வேண்டியதில்லை, கேட்ட உடனே கொடுக்கும். ஆனால் ஆறு டிரான்சிஸ்டர் என்றால் பல மடங்கு இடம். சிப்பில் இடம் என்பது பணம். அதனால் கேஷ் எப்போதும் போதாமலே இருக்கும்.

எல்லா மென்பொருளுக்கும் இந்தப் பற்றாக்குறை ஒரே அளவில் வலிப்பதில்லை. வீடியோவைச் சுருக்கும் மென்பொருள் தரவை முதலிலிருந்து கடைசி வரை வரிசையாகப் படிக்கும். அடுத்து எது வேண்டும் என்பதை பிராசஸர் ஊகித்து முன்னதாகவே வரவழைத்துவிடும். ரேமின் தாமதம் வெளியே தெரியாது. கேம் அப்படியல்ல. ஒரு எதிராளியைப் பற்றிய தகவல் ஓரிடத்தில் இருக்கும். அவன் கையில் இருக்கும் ஆயுதத்தின் தகவல் வேறெங்கோ இருக்கும், முகவரி மட்டும் முதல் இடத்தில் எழுதியிருக்கும். ஆயுதத்தின் குண்டு எண்ணிக்கை மூன்றாவது இடத்தில். முதல் தகவல் வந்தால்தான் இரண்டாவது எங்கே என்று தெரியும். ஆட்டக்காரர் எந்தப் பக்கம் திரும்புவார் என்பதை எந்த ஊகமும் சொல்லாது. ஒரு ஃபிரேமுக்குள் இப்படி நினைவகம் முழுக்க அலைய வேண்டும். அடுத்த ஃபிரேமில் ஏறத்தாழ அதே இடங்களுக்கு மறுபடியும் போக வேண்டும்.

இந்தக் கடைசி வாக்கியத்தில்தான் சூட்சுமம். கேம் தொடும் இடங்கள் சிதறிக் கிடந்தாலும் ஃபிரேமுக்கு ஃபிரேம் பெரிதாக மாறுவதில்லை. அவை அனைத்தும் கேஷுக்குள் அடங்கிவிட்டால் ஐந்து நிமிடப் பயணங்கள் எல்லாம் முக்கால் நிமிடப் பயணங்களாகிவிடும். அடங்காவிட்டால், ஒன்றை உள்ளே கொண்டுவர இன்னொன்றை வெளியேற்றி, வெளியேற்றியதையே அடுத்த ஃபிரேமில் திரும்பத் தேடிப் போக வேண்டியிருக்கும். ஃபேக்டோரியோ என்றொரு தொழிற்சாலை விளையாட்டு இருக்கிறது. கன்வேயர் பெல்ட்டில் ஓடும் ஆயிரக்கணக்கான பொருள்கள், அவற்றை எடுத்து வைக்கும் கரங்கள், உலைகள் என்று அத்தனையின் நிலவரத்தையும் நொடிக்கு 60 முறை அது புதுப்பிக்கும். கேஷ் பெருகினால் இது பாய்ந்து ஓடும். நல்ல எடுத்துக்காட்டு.

ஏஎம்டியின் சிப்களில் கேஷ் வளர்ந்த கதையைப் பார்த்தால் மேம்பாடு எங்கிருந்து வந்தது என்பது விளங்கும். 2017 மார்ச்சில் வந்த முதல் ரைசன் 7 சிப்களில் எட்டு கோர்களும் நான்கு நான்காக இரண்டு குழுக்களாகப் பிரிக்கப்பட்டிருந்தன. ஒரு குழுவுக்கு 8 மெகாபைட் மூன்றாம் நிலைக் கேஷ். மொத்தம் 16 என்று பெட்டியில் எழுதியிருந்தாலும் ஒரு கோருக்கு அருகிலிருந்தது 8தான். 2020ல் ஸென் 3 இந்தத் தடுப்புச் சுவரை எடுத்துவிட்டது. எட்டு கோர்களுக்கும் பொதுவாக 32 மெகாபைட். கேமில் ஸென் 3 காட்டிய பெரிய முன்னேற்றத்தில் இதற்குக் கணிசமான பங்குண்டு.

அதற்கு மேல் கேஷைப் பெருக்க வேண்டுமென்றால் சிப் பெரிதாக வேண்டும். சிப் அகன்றால் விலை ஏறும், தூரம் கூடும், தூரம் கூடினால் கேஷே மெதுவாகும். மனை சிறிதாக இருந்தால் மாடி எடுப்பதுதானே வழக்கம்? 5800எக்ஸ்3டியில் ஏஎம்டி செய்தது அதுதான். எண்பது சதுர மில்லிமீட்டர் அளவுள்ள ஸென் 3 சிப்பின் நடுப்பகுதியில், கீழே கேஷ் இருக்கும் இடத்துக்கு நேர் மேலே, 64 மெகாபைட் எஸ்ராம் மட்டுமே கொண்ட இன்னொரு சிப்பை ஒட்டிவிட்டார்கள். 32 இப்போது 96 ஆனது. 64 மெகாபைட் என்றால் 53 கோடிக்கும் மேற்பட்ட பிட்டுகள். பிட்டுக்கு ஆறு என்றால் 320 கோடி டிரான்சிஸ்டர். அத்தனையும் ஏறத்தாழ நாற்பது சதுர மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடுகிறது.

ஒட்டிய விதம்தான் இதில் அதிசயம். வழக்கமாக இரண்டு சிப்களை இணைக்கச் சிறு சிறு ஈயக் குமிழ்களை நடுவில் வைத்து உருக்குவார்கள். இங்கே குமிழே கிடையாது. இரண்டு பரப்பையும் வழுவழுவென்று தேய்த்து, செம்பு முனையும் செம்பு முனையும் நேருக்கு நேர் படும்படி ஒன்றின் மேல் ஒன்றை வைக்கிறார்கள். சமதளமான இரண்டு பரப்புகளும் தாமாகவே பற்றிக்கொள்ள, சூடேற்றும்போது செம்போடு செம்பு ஒன்றிவிடுகிறது. பக்கத்துப் பக்கத்து முனைகளுக்கு இடையே 9 மைக்ரான் இடைவெளி. தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்கை ஒட்டிய அளவு. சிலிக்கனைச் செங்குத்தாகத் துளைத்துச் செல்லும் செம்புக் கம்பிகள் கீழிருந்து மேலே தரவைக் கொண்டுபோகின்றன. தைவானின் டிஎஸ்எம்சி நிறுவனத்தின் தொழில்நுட்பம் இது. மேலே இருக்கும் கேஷ் வரை போய்வர நாலே நாலு துடிப்புதான் கூடுதல். தூரத்தைக் கிடைமட்டத்தில் கூட்டாமல் உயரத்தில் கூட்டியதன் பலன் இது.

மேலே வைத்த சிப் கீழே உள்ளதைவிடச் சிறியது. இரு புறமும் கோர்கள் இருக்கும் பகுதி மட்டும் தாழ்ந்து நிற்கும். கூலர் சமமாக உட்கார வேண்டுமே என்பதற்காக அந்த இடங்களில் எந்தச் சுற்றும் இல்லாத வெறும் சிலிக்கன் துண்டுகளை நிரப்பினார்கள். மொத்த உயரமும் பழைய சிப்புக்குச் சமமாக இருக்கும்படி தேய்த்து மெலிதாக்கினார்கள்.

வேகம் ஏன் குறைந்தது என்ற முதல் கேள்விக்கும் இங்கேதான் பதில். சூட்டை உருவாக்குவது கோர்கள். அந்தச் சூடு கூலரை அடைய இப்போது ஒரு அடுக்கு கூடுதலாகக் கடந்தாக வேண்டும். அதோடு, மேலே உள்ள கேஷ் சிப் அதிக மின்னழுத்தம் தாங்காது; 1.35 வோல்ட் என்று எல்லை வைத்தார்கள். அதனால்தான் 4.5 ஜிகாஹெர்ட்ஸ், அதனால்தான் ஓவர்கிளாக்குக்குத் தடை. 2024 நவம்பரில் வந்த 9800எக்ஸ்3டியில் ஏஎம்டி இதைப் புரட்டிப்போட்டது: கேஷ் கீழே, கோர்கள் மேலே. சூடு நேராகக் கூலருக்குப் போகிறது. தடையையும் எடுத்துவிட்டார்கள்.

எல்லாக் கேமும் கூடுதல் கேஷால் பயன்பெறாது என்பதையும் சொல்லியாக வேண்டும். கவுன்டர்-ஸ்டிரைக்: குளோபல் அஃபென்சிவ் போன்ற பழைய கேமின் தரவு 32 மெகாபைட்டிலேயே போதிய அளவு அடங்கிவிட்டதால் அதற்குக் கூடுதல் கேஷ் வீண், 5800எக்ஸ்3டியை அறிமுகப்படுத்தியபோது ஏஎம்டி காட்டிய பட்டியலிலேயே அதற்கு ஆதாயம் எதுவும் இல்லை. மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர் போல ஒரு பெரிய உலகத்தைத் தூக்கிச் சுமக்கும் கேம்கள் அள்ளிக்கொண்டன. நீங்கள் ஆடும் கேம் எது என்பதை வைத்தே சிப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இனி மதர்போர்டு. ஏஎம்4 என்ற சாக்கெட்டில் 1331 துளைகள். முதல் ரைசன் இதற்காகத்தான் வந்தது. 5800எக்ஸ்3டியும் இதற்காகவே வந்தது. இன்டெல் பக்கம் நிலைமை வேறு. 2017 அக்டோபரில் எட்டாம் தலைமுறை சிப்கள் வந்தபோது சாக்கெட்டின் பெயர் அதே எல்ஜிஏ 1151தான், ஆனால் பழைய போர்டில் அவை வேலை செய்யவில்லை. ஏஎம்டியும் சுலபமாக வழிவிடவில்லை. ஸென் 3 சிப்கள் 500 வரிசை போர்டில் மட்டுமே ஓடும் என்று 2020 மே மாதம் அறிவித்தது. கணினியை எழுப்பும் பயாஸ் நிரல் குடியிருக்கும் சிப்பில், பல போர்டுகளில் 16 மெகாபைட்தான் இடம். ஒவ்வொரு தலைமுறை பிராசஸருக்கும் தனித்தனி நிரல் அதில் இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் இடம் போதாது என்பது சொல்லப்பட்ட காரணம். அதற்கு முந்தைய 400 வரிசை போர்டு வைத்திருந்தவர்கள் கொதித்துப் போனார்கள். அதே மாதத்திலேயே நிறுவனம் இறங்கி வந்தது. 2017ன் 300 வரிசை போர்டுகளுக்கு 2022 மார்ச்சில்தான் விடிவு பிறந்தது. ஆட்கள் விடாமல் கேட்டதால் நடந்த காரியம் இது. லட்சக்கணக்கான நல்ல போர்டுகள் குப்பைக்குப் போகாமல் தப்பியதில் எனக்கு உண்மையான மகிழ்ச்சி.

மாற்றும் வேலையை வீட்டிலேயே செய்யலாம். பொறுமை வேண்டும், வரிசை தவறக் கூடாது. முதலில் போர்டு தயாரிப்பாளரின் தளத்தில் உங்கள் மாடலுக்கான பட்டியலைத் திறந்து, புதிய சிப்பின் பெயர் அதில் இருக்கிறதா, எந்தப் பயாஸ் பதிப்பிலிருந்து என்று பாருங்கள். மலிவான போர்டுகளில் பிராசஸருக்கு மின்சாரம் கொடுக்கும் பகுதி 105 வாட் சிப்பைத் தாங்கத் திணறலாம். அதையும் பார்க்க வேண்டும். பயாஸைப் புதுப்பிப்பது பழைய சிப் உள்ளே இருக்கும்போதே நடக்க வேண்டும். பெரும்பாலானவர்கள் சறுக்குவது இந்த இடத்தில்: புதிய சிப்பை ஆவலோடு பொருத்திவிடுவார்கள், அதை அடையாளம் தெரியாத பயாஸ் திரையை இருட்டாகவே வைத்திருக்கும். விண்டோஸில் பிட்லாக்கர் போட்டிருந்தால் அதன் மீட்புச் சாவியையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிராசஸர் மாறியதும் அது கேட்கக்கூடும்.

கணினியை அணைப்பதற்கு முன் பத்து நிமிடம் ஒரு கேமை ஓட விடுங்கள். சூட்டில் தெர்மல் பேஸ்ட் இளகும். ஏஎம்4 சிப்பில் பின்கள் சிப்பின் அடியில் இருக்கின்றன. இறுகிய பேஸ்ட்டோடு கூலரை நேராக மேலே இழுத்தால், சாக்கெட் பூட்டியிருந்தாலும் சிப் கூலரோடு ஒட்டிக்கொண்டு பிடுங்கிக்கொண்டு வரும், பின்கள் வளையும். அணைத்து, வயரைப் பிடுங்கி, பவர் பொத்தானை ஒருமுறை அழுத்தி மிச்ச மின்சாரத்தை வடித்துவிட்டு, கூலரை இடமும் வலமுமாக மெல்லத் திருகித் தளர்த்திய பிறகே தூக்க வேண்டும். பக்கவாட்டில் உள்ள நெம்புகோலை நிமிர்த்தினால் பழைய சிப் தானாக விடுபடும். புதிய சிப்பின் ஒரு மூலையில் சின்னத் தங்க முக்கோணம் இருக்கும். சாக்கெட்டிலும் அதே அடையாளம் உண்டு. இரண்டையும் சேர்த்து வைத்தால் 1331 பின்களும் துளி அழுத்தம் இல்லாமல் உள்ளே இறங்கிவிடும். அழுத்த வேண்டியிருந்தால் ஏதோ தவறு, எடுத்துப் பாருங்கள். நெம்புகோலைச் சாய்த்து, கூலரின் அடியில் பழைய பேஸ்ட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, சிப்பின் நடுவில் பட்டாணி அளவு புதியது வைத்து, திருகுகளை எதிரெதிர் மூலையாக மாற்றி மாற்றி இறுக்குங்கள். 5800எக்ஸ்3டியோடு கூலர் வராது. பழைய சிறிய கூலரையே மாட்டினால் சூடு தாங்காமல் சிப் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்.

முதல் முறை ஆன் செய்யும்போது ஒரு நிமிடம் வரை திரையில் ஒன்றும் வராமல் இருக்கலாம். ரேமோடு பேசிப் பழகும் நேரம் அது. வந்ததும் பயாஸுக்குள் போய் ரேமின் வேகத்தைப் பாருங்கள். பயாஸ் புதுப்பித்தபோது பழைய செட்டிங்குகள் அழிந்திருக்கும்; 3200 என்று எழுதி விற்ற ரேம் 2133ல் ஓடிக்கொண்டிருக்கும். எக்ஸ்எம்பி என்ற ஒரு வசதியை ஆன் செய்தால் சரியாகிவிடும். சிப் மாற்றாமலே இந்த ஒன்றைச் செய்து பயன் கண்டவர்களும் உண்டு.

விளையாடிப் பார்க்கும்போது சராசரி ஃபிரேம் எண்ணிக்கையை மட்டும் பார்க்காதீர்கள். மிக மெதுவாக வந்த ஒரு சதவீத ஃபிரேம்களின் நிலை என்ன என்று காட்டும் எண் ஒன்று உண்டு. ஆடுகிறவர்கள் அதை ஒன் பர்சென்ட் லோ என்பார்கள். சராசரி 100 இருந்தும், கூட்டம் நிறைந்த தெருவில் திரும்பும்போது திரை சட்டென்று திக்கினால் இந்த எண் 40, 45 என்று இறங்கிக் காட்டும். ரேமைத் தேடி ஓடும் அந்த நெடும் பயணங்கள் ஒரே ஃபிரேமில் குவியும்போது இப்படித் திக்குகிறது. பெரிய கேஷ் முதலில் குணப்படுத்துவது அதைத்தான். கண்ணுக்குத் தெரியும் வித்தியாசமும் பெரும்பாலும் அங்கேதான்.

பிறகு முதலில் செய்த ரெசல்யூஷன் சோதனையை மறுபடி செய்யுங்கள். வழக்கமாக ஆடும் அளவில் கார்டின் பயன்பாடு 97, 98 சதவீதத்தில் நின்றால், இப்போது காத்திருப்பது பிராசஸர். இனி கார்டு மாறினால்தான் அந்த அளவில் ஃபிரேம் ஏறும். அப்படியும் ஒருநாள் மறுபடி பிராசஸர் பின்தங்கினால், ஏஎம்4 போர்டில் கேமுக்கென்று 5800எக்ஸ்3டிக்கு மேல் செருக வேறு சிப் இல்லை. அடுத்தது ஏஎம்5: பின்கள் சிப்பிலிருந்து சாக்கெட்டுக்கு இடம் மாறியிருக்கின்றன, தொடுபுள்ளிகள் 1718, ரேம் டிடிஆர்5. அங்கே போக வேண்டுமென்றால் சிப்போடு போர்டையும் ரேமையும் சேர்த்தே வாங்க வேண்டும்.